வயதானவர்கள் எடை தூக்கலாமா? வட சென்னை வாசகர்களுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் பதில்கள்

காலடிப்பேட்டையிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 72 வயது. எடை தூக்கினால் எலும்பு முறிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இந்த வயதில் எலும்பு முறிவது பெரும்பாலும் கீழே விழுவதால்தான். விழுவதற்கு ஒரு பெரிய காரணம், காலில் வலு குறைவது. அதனால் அம்மாவைச் சும்மா உட்காரவைப்பதுதான் எனக்குக் கவலை. 1990இல் பாஸ்டனில் 86 முதல் 96 வயதுவரை உள்ளவர்களுக்கு 8 வாரம் கால் தசைப் பயிற்சி கொடுத்தார்கள். வலு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது!

எடையெல்லாம் அப்புறம். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி நகர்ந்துவிடும், அது வேண்டவே வேண்டாம். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காரட்டும். தொப்பென்று விழக்கூடாது. முடியாவிட்டால் கைப்பிடியைப் பிடிக்கலாம். 8 முறை செய்து, ஓய்வெடுத்து, இன்னொரு 8. ஏற்கெனவே எலும்புத் தேய்மானம் இருந்தால் குனிந்தோ இடுப்பைத் திருப்பியோ எதையும் தூக்க வேண்டாம்.

வியாசர்பாடியிலிருந்து ஒருவர்: அப்பா பிபி மாத்திரை சாப்பிடுகிறார். செய்யலாமா?

பதில்: பிபி கட்டுக்குள் இருந்தால் செய்யலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு. ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் பிபி சட்டென்று ஏறும். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள், மூச்சு தானாக வெளியே வரும். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நெஞ்சு வலி என்றால் யோசிக்காமல் 108ஐ அழையுங்கள்.

காசிமேட்டிலிருந்து ஒரு பெரியவர்: காலமெல்லாம் மீன் கூடை சுமந்தவன் நான். இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். எனக்குமா?

பதில்: ஆமாம் ஐயா, உங்களுக்கும்தான். வேலையை விட்டதும் தசை கரைய ஆரம்பித்துவிடும். பழைய தைரியத்தில் எடுத்ததுமே பெரிய எடையில் கைவைக்காதீர்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ, அதிலிருந்து தொடங்குங்கள். 12 முறை சுலபமாக வந்த பிறகு கொஞ்சம் கூட்டலாம்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா: தினமும் செய்ய வேண்டுமா? முட்டி வலிக்கிறது.

பதில்: தசைப் பயிற்சிக்கு வாரம் 2 நாளாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடுவில் ஒரு நாள் விடுங்கள். தசையில் ஓரிரு நாள் வலி இருப்பது சகஜம். முட்டி வீங்கினாலோ குத்தினாலோ நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

ராயபுரத்திலிருந்து ஒரு பேரன்: தாத்தாவுக்கு புரோட்டீன் பவுடர்?

பதில்: முதலில் முட்டை, நெத்திலி, சுண்டல். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.