மாமியார் கையெழுத்து

கேள்வி: சீனா போன்ற சர்வாதிகார நாடுகளில் அரசு சாரா அமைப்புகளுக்கும் அரசுக்கும் உறவு எப்படி இருக்கும்? அவர்களால் எதையாவது சாதிக்க முடியுமா?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: ‘சாரா’ என்று சரியாக எழுதியதற்கு முதலில் நன்றி. பல வருடங்களுக்கு முன் இதே பத்திரிகையில் ‘அரசு சாராய நிறுவனங்களின் பங்களிப்பு’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு அச்சாகிவிட்டது. புரூஃப் பார்த்தது நான்தான். தப்பைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் வரவில்லை. டாஸ்மாக் கட்டுரை என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். விற்பனைப் புள்ளிவிவரம் போதாது என்று ஒருவர் குறைபட்டிருந்தார். எழுதிய பேராசிரியர் அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினார். சிவில் சொசைட்டிக்கு ‘குடிமைச் சமூகம்’ என்றுதான் போட வேண்டும் என்று அடம்பிடித்தவர் அவர். அப்படியொரு தலைப்புக்குக் கீழே பத்து இடத்தில் ‘குடிமை’ என்று வந்தால் வாசகர் மேல் என்ன தப்பு? வழக்கு இன்னும் முடியவில்லை, போகட்டும்.

சீனர்களுக்கும் இந்தச் சொல்லில் ஒரு கண்டம் உண்டு. ‘அரசு அல்லாத’ என்பதற்கு அவர்கள் மொழியில் ‘ஃபெய் ஜெங்ஃபூ’. ‘ஃபெய்’ என்றால் அல்லாதது. தவறு என்றும் பொருள். அதிகாரியின் காதில் அது ‘அரசுக்கு எதிரான’ என்று விழுந்துவிடும். ஆகவே ‘மக்கள் அமைப்பு’ என்றார்கள், பிறகு இன்னும் பதவிசாக ‘சமூக அமைப்பு’ என்றார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது அவர்கள் பேச்சில் புழங்கும் வேறொரு சொல். மாமியார்.

கிண்டலில்லை. தியானன்மென் போராட்டக்காரர்களைச் சுட்ட அதே 1989இல், அக்டோபரில் ஒரு விதி போட்டார்கள். சங்கம் பதிவு செய்ய வேண்டுமா? முதலில் ஏதாவது ஓர் அரசுத் துறையோ, அரசு அங்கீகரித்த நிறுவனமோ ‘இவர்களை நான் மேற்பார்க்கிறேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் பதிவு அலுவலகப் படியேறலாம். இந்த மேற்பார்வைத் துறைக்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘பொபொ’, புருஷனின் அம்மா. 1998இல் விதியைத் திருத்தியபோதும் மாமியார் போகவில்லை. ஒரே பகுதியில் ஒரே வேலைக்கு ஏற்கெனவே ஒரு சங்கம் இருந்தால் இன்னொன்றை மறுக்கலாம். முதலில் இருப்பது பெரும்பாலும் அரசே பெற்று வளர்த்த ‘அரசு சாரா’ அமைப்பு.

நம் ஊரில் மருமகள் கிடைக்காமல் மாமியார்கள் தரகர் வீட்டுக்கு நடக்கிறார்கள். அங்கே மாமியார் கிடைக்காமல் மருமகள்கள் நடந்தார்கள். எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவான்? சங்கம் நல்லது செய்தால் அவனுக்குப் பைசாப் பிரயோஜனமில்லை. வம்பில் மாட்டினால் அவன் பதவி உயர்வு போயிற்று. 1994இல் லியாங் சொங்ஜியே ‘இயற்கையின் நண்பர்கள்’ என்ற சூழல் அமைப்பைத் தொடங்கினார். அவருக்கு வாய்த்த மாமியார் சீனப் பண்பாட்டுக் கழகம்! காட்டைக் காக்க வந்தவர்கள் ‘பசுமைப் பண்பாடு’ என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். இவருடைய தாத்தா லியாங் சிச்சாவ், 1898இல் பேரரசரை வைத்தே நாட்டைச் சீர்திருத்தப் பார்த்து, தலை தப்ப ஜப்பானுக்கு ஓடியவர். அப்பா லியாங் ஸச்செங், மாவோ காலத்தில் பெய்ஜிங் கோட்டைச் சுவரை இடிக்காதீர்கள் என்று மன்றாடியவர், இடித்துவிட்டார்கள். பேரன் யுன்னான் மலைக்காட்டில் ஒரு குரங்கினத்துக்காக மத்திய அரசுக்கு மனுப் போட்டார், மரவெட்டு நின்றது. சாதிக்க முடியுமா என்று கேட்டீர்களே, மூன்று தலைமுறைக்கு ஒரு குரங்கு.

மாமியார் கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள்? பதிவே இல்லாமல் இருப்பார்கள், அல்லது கம்பெனி என்று பதிவு செய்துகொள்வார்கள். அரசுக்கும் அது தெரியும். தெரிந்தே விட்டுவைக்கும். சூட்சுமம் இங்கேதான். நாட்டில் பாதி அமைப்பு ஏதோ ஒரு விதத்தில் சட்டத்துக்குக் கொஞ்சம் வெளியே நின்றால், தடைச்சட்டம் எதற்கு? வேண்டிய நாளில் வேண்டிய ஆளின் ஃபைலை எடுத்தால் போதும். கோங்மெங் என்ற சட்ட உதவி அமைப்பு அப்படிக் கம்பெனியாகப் பதிவானது. 2008இல் கலப்படப் பால்பவுடரால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்காக நின்றது. 2009 ஜூலையில் வரி ஏய்ப்பு என்று 14 லட்சம் யுவானுக்கு மேல் அபராதம். நிறுவனர்களில் ஒருவரான ஷு ஜியோங்கைப் பிடித்து, அடுத்த மாதம் விட்டார்கள். 2014இல் 4 வருடம் சிறை, 2023இல் 14 வருடம். பால்பவுடர் என்ற வார்த்தை எந்தத் தீர்ப்பின் தலைப்பிலும் இருக்காது.

நடுவில் குவாங்டோங் மாகாணத்தில் 2012இல் சிலவகை அமைப்புகளுக்கு மாமியார் வேண்டாம் என்றார்கள். தனிக்குடித்தனம் என்று பலர் மகிழ்ந்தார்கள். 2015 டிசம்பரில் அதே மாகாணத்தில் தொழிலாளர் அமைப்புக்காரர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 2017 ஜனவரி முதல் வெளிநாட்டு அமைப்புகளின் பதிவு பொதுப் பாதுகாப்பு அமைச்சகத்திடம் போய்விட்டது. அதாவது போலீஸ். இந்த மாமியார் கொண்டை போட்டவர் இல்லை, தொப்பி போட்டவர்.

சீனாவைப் பற்றிக் கேட்கும்போது நமக்கு ஓர் ஆனந்தம் இருக்கிறதே, அதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் எந்த வருடம் வந்தது? 1976, நெருக்கடி நிலை. 2010இல் அதைப் புதிதாக எழுதி இறுக்கியது அதே காங்கிரஸ் கட்சியின் தலைமையிலான ஆட்சி. 2020இல் மேலும் இறுக்கியவர்கள், நெருக்கடி நிலையில் சிறை சென்ற கதையை மேடைக்கு மேடை சொல்கிறவர்கள். ஒரு மாமியாரின் சாவிக்கொத்தை அடுத்த மாமியார் பரணில் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த 1976 சட்டம் யார் யார் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது என்று ஒரு பட்டியல் போட்டது. கார்ட்டூனிஸ்ட் உண்டு, பத்தி எழுத்தாளர் உண்டு, பத்திரிகை ஆசிரியரும் உண்டு. இத்தனை வருடத்தில் ஒரு அந்நிய சக்திகூட என்னை அணுகவில்லை என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். உள்நாட்டு நிலவரமும் சரியில்லை. உடுமலைப்பேட்டை வாசகரே, உங்கள் சந்தா மார்ச்சோடு முடிந்துவிட்டது.