குழுவேலை என்றால் சேர் சும்மா இருப்பதா?

கேள்வி: மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். மாணவர் மையமாகக் கற்பியுங்கள் என்று போகிற கருத்தரங்கிலெல்லாம் சொல்கிறார்கள். என் வகுப்பில் 42 பிள்ளைகள், ஒரே மண்டபத்தைத் தடுத்துத்தான் இரண்டு தரங்கள் நடக்கின்றன, பாடத்திட்டம் முடியாவிட்டால் கேள்வி கேட்பதும் என்னைத்தான். இது எங்களுக்குச் சரிவருமா?
- ஓர் ஆசிரியை

கேள்வி: நான் தரம் 10. குழுவேலை என்று டிமை என்கிற பெரிய தாளைக் கொடுத்துவிட்டு சேர் பதிவேடு எழுதுவார். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுதும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்போம். டியூஷனில்தான் பாடம் விளங்குகிறது. பழைய மாதிரியே படிப்பித்தால் என்ன?
- ஹட்டன் மாணவி

பதில்: இரண்டு கடிதமும் ஒரே வருத்தத்தைத்தான் சொல்கின்றன. 2007இல் இலங்கையில் தரம் 6க்கும் 10க்கும், பிள்ளை என்ன செய்யத் தேர்ச்சி பெறுகிறது என்பதைப் பார்க்கும் தேர்ச்சி மையக் கலைத்திட்டமும் ஐந்து ஈ முறையும் வந்தபோது நானும் வகுப்பில் நின்றவன். ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்று ஐந்து படி, ஆங்கிலத்தில் ஐந்தும் E எழுத்தில் தொடங்கும். மூன்றாவது படியைப் பாருங்கள், விளக்கல்! பிள்ளைகள் தேடியதைச் சொன்ன பிறகு ஆசிரியர் அதைத் தெளிவாக்க வேண்டிய இடம் அது, அதை விட்டுவிட்டு டிமை தாளை மட்டும் பிடித்துக்கொண்டோம். மகள், உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் பழைய முறைக்குப் போகக் கேட்காதீர்கள், "சேர், இப்போது இதை ஒருமுறை விளக்குங்கள்" என்று எழுந்து கேளுங்கள், அது உங்களுக்கு உரியது.

டீச்சர், நான் சதவீதம் படிப்பித்த ஒரு நாளைச் சொல்கிறேன். அம்மா பறித்த கொழுந்து 20 கிலோ, நிறுவையில் 2 கிலோ கழித்தால் எத்தனை சதவீதம் என்று கேட்டேன். பத்து என்று உடனே சொன்னார்கள். அப்புறம், அதுவரை வாயே திறக்காத ஒரு பையன், "அந்த ரெண்டு கிலோவால அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்தா எவ்வளவு நட்டம் சேர்?" என்று கேட்டான். குறித்த நிறை பறிக்காவிட்டால் அரைநாள் சம்பளம் மட்டும் கிடைப்பதுதான் அரைப்பேர். அன்றைய மீதிப் பாடத்தை அவன் கேள்விதான் நடத்தியது, கரும்பலகையில் நான் எழுதியது நாலு வரி இருக்கும். செலவு என்று ஒன்றுமில்லை.

42 பேரைக் குழுவாக்கினால் பக்கத்து வகுப்பு படிக்க முடியாது, உண்மை. பக்கத்தில் இருக்கிற இருவரை மட்டும் மெதுவாகப் பேச விடுங்கள், ஐந்து நிமிடம் போதும். வாரத்தில் ஒரு பாடத்தில் தொடங்குங்கள். பாடத்திட்டம் முடியாதோ என்ற பயம் எனக்கும் இருந்தது. சாதாரண தரப் பரீட்சை மனப்பாடத்துக்குப் புள்ளி கொடுக்கிறவரை அந்தப் பயம் ஆசிரியரை விடாது, அதை மாற்ற வேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து நிமிடம் உங்கள் கையில் இருக்கிறது, டீச்சர்.