மார்கழிக் குளிரில் பேட்டரி ஸ்கூட்டரில் வேலைக்குப் போய் வந்தால் சார்ஜ் தாங்குமா?

தாங்கும். தாராளமாகத் தாங்கும்.

கேள்வி கேட்டவர் ஈரோட்டுப் பக்கமாம். போக வர ஐம்பது கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், குளிர்காலத்தில் வண்டி பாதி வழியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் வாங்குவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பதாக எழுதியிருக்கிறார். நான் காங்கேயத்திலிருந்து திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவன். கிட்டத்தட்ட அதே தூரம்தான். சில மார்கழிகளை இந்த வண்டியிலேயே ஓட்டிக் கழித்தாயிற்று.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓரளவு புரிகிறது. பேட்டரி வண்டி நம் பக்கத்துக்குப் புதுசு இல்லை. ஆம்பியர் கம்பெனி 2008இல் கோயமுத்தூரில்தான் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஓடிய பேட்டரி வண்டிகளில் பெரும்பாலும் ஈய-அமில பேட்டரிதான். அது குளிருக்குச் சீக்கிரம் சோர்ந்துபோகிற சாதி. அந்த அனுபவம் பெரியவர்கள் மனதில் அப்படியே தங்கிவிட்டது. அதோடு யூடியூபில் நார்வேக்காரரும் கனடாக்காரரும் பனிக்கட்டிக்கு நடுவில் நின்று "பாதி சார்ஜ் போச்சு" என்று சொல்வதையும் பார்க்கிறோம். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது சுழி டிகிரிக்குக் கீழே நடக்கிற கதை.

இப்போது வருகிற வண்டிகளில் பெரும்பாலும் லித்தியம் பேட்டரி. அதுவும் குளிரும்போது உள்ளே அயனிகள், அதாவது கரண்டைச் சுமக்கிற துகள்கள், நகர்வது மந்தமாகும், உள்தடை கூடும், எடுக்கக்கூடிய கரண்டு குறையும். இதெல்லாம் சரிதான். ஆனால் நம்ம ஊர் மார்கழியில் விடியற்காலை எவ்வளவு? கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் 18 டிகிரி, ரொம்பக் குளிர்ந்தால் அதற்கும் ஒன்றிரண்டு கீழே. அந்த அளவுக்கு லித்தியம் பேட்டரி அசைந்துகொடுக்காது. உண்மையில் 15 முதல் 35 டிகிரிக்குள் இருப்பதுதான் அதற்குப் பிடித்தமான சூழல். அதன் ஆயுளைத் தின்பது சித்திரை வெயில். கம்பெனி வாசலில் தகரக் கூரைக்குக் கீழே நாள் முழுக்க வெந்து கிடக்கிற பேட்டரிக்காகக் கவலைப்படுங்கள், அது நியாயம்.

குளிரால் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடுகிற தூரம், கொஞ்சமும் குறையாதா என்றால், குறையும். காரணம் பெரும்பாலும் பேட்டரிக்கு வெளியே இருக்கிறது. 36 டிகிரி வெயிலில் ஓட்டுவதைவிட 18 டிகிரியில் காற்று சுமார் 6 சதவீதம் அடர்த்தியாக இருக்கும், அந்த அளவுக்கு அதைக் கிழித்துக்கொண்டு போகக் கூடுதல் சக்தி வேண்டும். அப்புறம் டயர். மத்தியான வெயிலில் பங்க்கில் காற்றுப் பிடித்தால் மறுநாள் விடியற்காலையில் அது தானாக இரண்டு, இரண்டரை பி.எஸ்.ஐ. இறங்கியிருக்கும். பஞ்சரெல்லாம் இல்லை, குளிர்ந்த காற்று சுருங்குகிறது, அவ்வளவுதான். டயர் தளர்ந்தால் சார்ஜ் இன்னும் கொஞ்சம் தின்னும். காலையிலேயே, வண்டி ஓடிச் சூடாகும் முன் காற்றுப் பாருங்கள். இதைச் செய்தாலே குளிரால் போனதில் நல்ல பங்கு திரும்பி வந்துவிடும்.

கொங்கு நாட்டில் ரேஞ்சைத் தின்கிற மாதம் மார்கழி இல்லை, ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பிடுங்கிக்கொண்டு வருகிற மேல்காற்று இருக்கிறதே, பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்றுதான், காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகிறவனுக்கு நேராக முகத்தில் அடிக்கும். 45 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், வண்டிக்கு அது 65. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தின்படி ஏறும் என்பதால் கணக்குப் போட்டால் இரண்டு மடங்குக்கும் மேலே வருகிறது. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும், ஆனால் காலையில் போனது முழுவதும் திரும்பிக் கிடைக்காது. மார்கழியில் கீழ்காற்று. எனக்குக் காலையில் அது முதுகுப் பக்கம், சாயங்காலம் எதிர்ப் பக்கம். ஆடிக்காற்றின் முரட்டுத்தனம் அதில் இல்லை. என் வண்டியில் வீட்டுக்கு வந்து சேரும்போது மிச்சம் காட்டுகிற சதவீதம் மார்கழியைவிட ஆடியில்தான் குறைவாக இருக்கிறது.

சரி, அப்படியானால் குளிர்காலத்தில் சிரமமே இல்லையா? இருக்கிறது. அது வண்டிக்கு இல்லை, ஓட்டுகிறவருக்கு.

முதலில் கை. 18 டிகிரி என்று படிக்கும்போது சிரிப்பாக இருக்கும். 45 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் படியூர் தாண்டுவதற்குள் விரல் மரத்துவிடும். கையுறை கட்டாயம். ஹெல்மெட்டுக்குள் மங்கி குல்லா போடாதீர்கள், கம்பளி தடிமனாக இருந்தால் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது. மெல்லிய பனியன் துணி முகமூடி போதும். திருப்பூர் காதர்பேட்டையில் ஐரோப்பாக்காரர் குளிருக்கென்று தைத்து மிஞ்சிப்போன ஃப்ளீஸ் சட்டைகள் மலிவாகக் கிடைக்கும். மேலே ஒரு மழைக்கோட்டு மாட்டிக்கொண்டால் ஊதக்காற்று உள்ளே வராது. லண்டனுக்குப் போக வேண்டிய சட்டையைப் போட்டுக்கொண்டு சிவன்மலை அடிவாரத்தில் போவதில் ஒரு மிதப்பு இருக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது, மூடுபனி. ஹெல்மெட் கண்ணாடியில் மூச்சு படிந்து மங்கும். முதல் நாள் ராத்திரி ஒரு சொட்டு ஷாம்பூவை உள்பக்கம் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் முகத்துக்கே திரும்பும், லோபீம்தான் நல்லது. சோளத்தட்டு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கே இல்லாமல் முன்னால் போய்க்கொண்டிருக்கும். சாலையை அடைத்துக்கொண்டு ஒரு தட்டுப்போர் நகர்கிறது என்பது பக்கத்தில் போனால்தான் தெரியும். டிஸ்க்கில் பனி ஈரம் இருக்கும்போது முதல் பிரேக் கொஞ்சம் வழுக்கும். முழுக்க நூறு சதவீதம் ஏற்றிக் கிளம்பினால் பல வண்டிகளில் ரீஜென் பிரேக்கும் (வேகம் குறையும்போது கரண்டைத் திரும்பப் பேட்டரிக்கு அனுப்புகிற பிரேக்) ஆரம்பத்தில் வேலை செய்யாது, பேட்டரியில் வாங்கிக்கொள்ள இடம் இருக்காதே. தெருமுனையிலேயே ஒருதரம் லேசாகப் பிரேக்கை அழுத்திப் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

இதையெல்லாம்விட நான் அதிகம் யோசிப்பது வண்டியின் சத்தமின்மையைத்தான். தைப்பூசம் நெருங்கும்போது சிவன்மலைக்கும் பழனிக்கும் நடந்து போகிறவர்கள் விடியும் முன்பே சாலையில் இருப்பார்கள். பெட்ரோல் வண்டி என்றால் தூரத்திலேயே கேட்டு ஒதுங்குவார்கள். நம் வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது. காவடி எடுத்துப் போன ஒரு பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பி, "ஏனுங் தம்பி, ஒரு சத்தங்கித்தம் போட்டுட்டு வரக்கூடாதுங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அந்த நாட்களில் தள்ளியிருந்தே ஹாரனை மெல்ல ஒரு தட்டு தட்டி, வேகத்தைக் குறைத்து, நடுச்சாலைப் பக்கமாக விலகிப் போவதுதான் முறை.

ஐப்பசி, கார்த்திகை மழை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் தாங்குவதற்கான தரக் குறியீடு ஐபி67 என்று போட்டிருந்தால் அந்தப் பாகம் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்து தாங்கியது என்று அர்த்தம். அது பெரும்பாலும் பேட்டரிக்கும் மோட்டாருக்கும்தான், முழு வண்டிக்கும் இல்லை. மழையில் நனைந்து ஓட்டலாம். நொய்யல் பெருகித் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது எந்த வண்டியையும் இறக்காதீர்கள். சார்ஜ் போடும் இடத்தைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். மாட்டுச்சாளையிலோ திறந்த திண்ணையிலோ பிளக் இருந்தால் ராத்திரிப் பனி அதன் மேல் இறங்கும். சரியான எர்த்தும், கசிவு வந்தால் ட்ரிப் ஆகிற பிரேக்கரும் அந்த லைனுக்கு இருந்தே ஆக வேண்டும். எலக்ட்ரீஷியன் "இதெல்லாம் எதுக்குங்க" என்றாலும் விடாதீர்கள்.

ஊட்டியில் வேலை என்றால் மட்டும் என் பதில் மாறும். தலைகுந்தாப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி பூக்கிற காலையில் சுழி டிகிரியை ஒட்டிப் போகும். அதற்குக் கீழே லித்தியம் பேட்டரியில் சார்ஜ் ஏற்றினால் அயனிகள் பேட்டரிக்குள் இருக்கிற கிராஃபைட் தகட்டுக்குள் நுழைய முடியாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும், அந்தச் சேதம் திரும்பாது. நல்ல வண்டிகளில் பேட்டரியைக் கவனிக்கிற எலக்ட்ரானிக்ஸே சார்ஜை மறுத்துவிடும். அங்கே ராத்திரி வெளியில் போடாமல், ஓட்டி வந்த சூட்டோடு சாயங்காலமே வீட்டுக்குள் ஏற்றிவிடுவது நல்லது.

உங்கள் ஐம்பது கிலோமீட்டருக்குக் கம்பெனி விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பார்க்காமல், நிஜச் சாலையில் 80 கிலோமீட்டராவது கொடுக்கிற வண்டியாகப் பாருங்கள். டெஸ்ட் ரைடு ஷோரூம் தெருவில் ஒரு சுற்றோடு முடியக்கூடாது, நீங்கள் வேலைக்குப் போகிற ரோட்டிலேயே கேளுங்கள். அவசரம் இல்லை என்றால் ஆடி மாதம் வரை பொறுத்து, மேல்காற்று நன்றாக அடிக்கிற ஒரு நாளில் மேற்குப் பார்த்து ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.