ஒரே போத்தலில் இரண்டு கண் மருந்து: அம்மாவுக்குச் சரிவருமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு 67 வயது. குளோக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்கு இரவில் லட்டானோபுரோஸ்ட் விடுகிறார். கண் அழுத்தம் 26இலிருந்து 20க்கு இறங்கியது. இன்னும் குறைய வேண்டும் என்று வைத்தியர் டிமோலோல் எழுதியிருக்கிறார். இரண்டும் கலந்த ஒரே போத்தல் இருப்பதாகப் பாமசியில் சொல்கிறார்கள். அதையே வாங்கலாமா? மழைக்காலத்தில் அம்மா இன்ஹேலர் பாவிப்பார்."

உங்கள் கடைசி வரிதான் முக்கியம். அம்மா இன்ஹேலர் பாவிப்பது கண் வைத்தியருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், டிமோலோலைத் தொடங்குமுன் அவரிடம் சொல்லுங்கள். கண்ணில் விடும் மருந்து கண்ணோடு நிற்பதில்லை. கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குள் இறங்கி நேரே இரத்தத்தில் கலக்கும். டிமோலோல் பீட்டா தடுப்பு மருந்து என்பதால், தொய்வு (ஆஸ்துமா) உள்ளவருக்கு மூச்சுக்குழாய் இறுகலாம்; நாடித்துடிப்பும் குறையலாம். கலப்புப் போத்தலில் இருப்பதும் அதே டிமோலோல்தான். டோர்சோலமைட், பிரிமோனிடின் என்ற வேறு கண் மருந்துகளோடு கலந்தும் அது விற்கப்படுகிறது. பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரை வாசியுங்கள். இப்போது விடும் லட்டானோபுரோஸ்டை நிறுத்த வேண்டாம்.

தொய்வோ நாடித்துடிப்புக் குறைவோ இல்லாதவருக்கு இந்தச் சேர்க்கை பொதுவாக நல்லதே. லட்டானோபுரோஸ்ட் கண்ணுக்குள் உள்ள நீர் வெளியேற வழிசெய்கிறது, டிமோலோல் அந்த நீர் ஊறுவதைக் குறைக்கிறது. வெவ்வேறு வழியில் வேலை செய்பவற்றைத்தான் சேர்க்க வேண்டும். லட்டானோபுரோஸ்டையே நாளுக்கு இரண்டு தரம் விட்டால் பலன் கூடாது, குறையவும் கூடும். அம்மாவுக்கு மாற்றாக வைத்தியர் டோர்சோலமைட் அல்லது பிரின்சோலமைட் யோசிக்கலாம். கண் சற்று எரியும், வாய் கசக்கும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிரிமோனிடின் சிலருக்கு மாதங்கள் கழித்துக் கண் சிவந்து அரிக்கச் செய்யும், தூக்கக் கலக்கமும் தரும்.

இரண்டாவது மருந்துக்குப் போகுமுன், முதல் மருந்து கண்ணுக்குள் போகிறதா என்று பாருங்கள். இன்றிரவு அம்மா மருந்து விடும்போது பக்கத்தில் நில்லுங்கள். பலருக்குச் சொட்டு இமையில் பட்டுக் கன்னத்தில் வழிந்துவிடும். அவர்களும் விட்டாயிற்று என்றே நினைப்பார்கள். கீழிமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு விட்டால் போதும், அதையே கண்ணால் முழுதாகக் கொள்ள முடியாது. பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை 2 நிமிடம் மெதுவாக அழுத்தட்டும். மருந்து மூக்குக்குள் இறங்குவது குறையும். இரண்டு போத்தல் என்றால் இடையில் 5 நிமிடமாவது விட வேண்டும், இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். கலப்புப் போத்தலின் பெரிய வசதியே இந்த இடைவெளி தேவைப்படாததுதான்.

திறக்காத லட்டானோபுரோஸ்டை ஃபிரிட்ஜில் வையுங்கள். திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள். பொதுவாக 4 முதல் 6 வாரத்துக்குள் முடிக்க வேண்டும், சரியான கணக்கு பெட்டியில் இருக்கும். கொழும்பு வெயிலில் அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிய வேண்டாம்.

அடுத்த கிளினிக்குக்கு எல்லாப் போத்தல்களையும், இன்ஹேலரையும், இரத்த அழுத்தத்துக்கான (பிரஷர்) குளிசை இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.