7.33, 6.45, 7.89: எது சரியான ஜி.பி.ஏ.?

கேள்வி: என் மகள் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில், 2021 ரெகுலேஷனில் இன்ஜினீயரிங் படிக்கிறாள். முதல் செமஸ்டர் கணக்குப் பாடத்தில் 'யு' (தேறவில்லை) வந்துவிட்டது. ஜி.பி.ஏ. (செமஸ்டரின் கிரேடு பாயிண்ட் சராசரி) நான் போட்டால் 7.33, ஓர் இணையதளத்தில் 6.45. அவளோ 7.89 என்கிறாள். பொய் சொல்கிறாளா? ரீவேல்யுவேஷனில் பாஸ் ஆக்கித் தருவதாக ஒருவர் 20 ஆயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா? – ஒரு தந்தை, ஈரோடு

பதில்: மகள் சொல்வதுதான் சரி. முதலில் அவளைச் சந்தேகப்பட்டதை விடுங்கள்.

நீங்கள் எல்லாப் பாடத்துக்கும் ஒரே எடை கொடுத்துக் கூட்டி வகுத்திருக்கிறீர்கள். அப்படிச் செய்யக்கூடாது. கணக்குப் பாடத்துக்கு 4 கிரெடிட், 'தமிழர் மரபு'க்கு 1 கிரெடிட். இரண்டும் ஒன்றாகுமா? ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் கிரேடு பாயிண்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, கிரெடிட் மொத்தத்தால் வகுக்க வேண்டும். 'ஓ' 10, 'ஏ பிளஸ்' 9, 'ஏ' 8, 'பி பிளஸ்' 7, 'பி' 6, 'சி' 5.

நீங்கள் அனுப்பிய ரிசல்ட்டில் ஆங்கிலம் 3 கிரெடிட், 'ஏ': 24. இயற்பியல் 21, வேதியியல் 18, பைத்தான் 21, தமிழர் மரபு 9. மூன்று லேப்களும் சேர்ந்து 49. ஆக 142. இதை 18ஆல் வகுத்தால் 7.89.

செமஸ்டருக்கு மொத்தம் 22 கிரெடிட் ஆயிற்றே, 18 எங்கிருந்து வந்தது? இங்கேதான் பெற்றோர் எல்லோரும் இடறுகிறார்கள். தேறிய பாடங்களை மட்டுமே பல்கலைக்கழகம் கணக்கில் எடுக்கும். 'யு' வந்த பாடம் மேலேயும் வராது, கீழேயும் வராது. அந்த இணையதளம் 22ஆல் வகுத்துவிட்டது, அதனால்தான் 6.45.

அதற்காக 7.89ஐ நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அடுத்த முறை கணக்கை எழுதி 'சி' வாங்கினால் 4 × 5 = 20 சேரும். 162ஐ 22ஆல் வகுத்தால் 7.36! அரியரை முடித்தால் பாயிண்ட் குறைகிறது. 'பி' வாங்கினாலும் 7.55தான். பழைய இடத்துக்கு வர 'ஏ' வேண்டும். அரியர் வைத்திருக்கும் பிள்ளையின் ஜி.பி.ஏ., தேறிய பிறகு இருப்பதைவிட அழகாகத் தெரிவது இதனால்தான். இதை ரிசல்ட் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? பாடக் குறியீட்டையும் எழுத்தையும் போட்டுவிட்டு, மீதியைப் பெற்றோர் தலையில் கட்டுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் முறையிலேயே எல்லாம் தேறி, சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி) 8.5 இருந்தால்தான் டிஸ்டிங்ஷன். கணக்கை மறுபடி எழுதித் தேறினால், கடைசியில் 9 வந்தாலும் அது கிடையாது. முதல் வகுப்புக்கு 6.5 போதும், அதற்கு இன்னும் தாராளமாக வழி இருக்கிறது. சதவீதம் கேட்கும் கம்பெனிகளுக்கு 10ஆல் பெருக்கிச் சொன்னால் போதும். அதற்குத் தனிச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று வருபவருக்கு டீ கூடக் கொடுக்காதீர்கள்.

இப்போது அந்த 20 ஆயிரம். ஒரு பைசா கொடுக்காதீர்கள். இவர்கள் தொழில் எப்படி நடக்கிறது தெரியுமா? பத்துப் பேரிடம் வாங்குவார்கள், எந்த வேலையும் செய்ய மாட்டார்கள். ரீவேல்யுவேஷனில் இரண்டு மூன்று பேர் தாமாகவே தேறுவார்கள். அவர்கள் பணம் சுளையாக லாபம். மற்றவர்களுக்கு 'வேலை முடியலை, பணம் வாபஸ்' என்று திருப்பிக் கொடுத்து நல்ல பெயரும் வாங்கிக்கொள்வார்கள். 'வாபஸ் உண்டு' என்று சொன்னாலே உஷாராகுங்கள். உள்ளே நிஜமாகவே ஆள் இருக்கிறது என்றால் அது இன்னும் மோசம். 2017 தேர்வுகளின் மறுமதிப்பீட்டில் முறைகேடு என்று 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கே பதிந்தது. அந்த மாதிரி வழக்கில் உங்கள் மகள் பெயர் வரவேண்டுமா?

நேர்வழி சுலபம். முதலில் விடைத்தாள் நகலுக்குக் கல்லூரி மூலம் விண்ணப்பியுங்கள். நகல் வந்ததும் அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியரிடம் காட்டுங்கள். திருத்தாமல் விட்ட பக்கம், கூட்டலில் விட்ட மார்க் ஏதாவது இருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்வார். இருந்தால் மட்டும் ரீவேல்யுவேஷன், இல்லையென்றால் அந்தப் பணத்துக்குக் கணக்கு டியூஷன் வையுங்கள். நகலுக்குக் கடைசித் தேதி ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே முடிந்துவிடும், நாளைக் காலையே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.