நியூரோசயின்ஸ் பிஎச்.டி.க்குக் கடன் வாங்க வேண்டுமா?

கேள்வி: எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அமெரிக்காவில் நியூரோசயின்ஸ் பிஎச்.டி. செய்ய ஆசை. லட்சக்கணக்கில் கடன் வாங்க வேண்டியிருக்குமே என்று அப்பா தயங்குகிறார். எப்போது, எப்படி விண்ணப்பிப்பது?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: கடன் பயம் எம்.எஸ். படிப்புக்குத்தான். அங்கே நியூரோசயின்ஸ் பிஎச்.டி.யில் சேர்ந்தால் பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது. மாதாமாதம் உதவித்தொகையும் மருத்துவக் காப்பீடும் உண்டு. கைக்காசு போவது விண்ணப்பக் கட்டணம், டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு, விசா, விமான டிக்கெட் ஆகியவற்றுக்கு. ஜிஆர்இ என்ற பொதுத் தகுதித் தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. நீங்கள் குறித்து வைத்திருக்கும் துறை கேட்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

பெரும்பாலான இடங்களில் டிசம்பர் முதல் வாரத்தோடு கதவு மூடிவிடும். நேர்காணல் ஜனவரி, பிப்ரவரியில். ஆகவே ஜூலையிலேயே இறங்குங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்க அரசின் டி32 என்ற பயிற்சி நிதி, அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும் மட்டும்தான். முதலாண்டுச் செலவுக்கு அதையே பெரிதும் நம்பியிருக்கும் துறைகளில் வெளிநாட்டவருக்கு இடம் குறைவு. வெளிநாட்டு மாணவருக்கு எந்த நிதியிலிருந்து தருகிறீர்கள் என்று துறை ஒருங்கிணைப்பாளருக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

நம் மாணவர்கள் அதிகம் கோட்டை விடுவது பரிந்துரைக் கடிதத்தில். மூன்று கடிதம் வேண்டும். பாடம் மட்டும் நடத்திய ஹெச்.ஓ.டி. ‘ஒழுக்கமானவர், வகுப்பில் முதலிடம்’ என்று எழுதுவதால் பலனில்லை. உங்கள் சோதனை சொதப்பியபோது பக்கத்தில் நின்ற கைடு எழுதுவதற்குத்தான் எடை. பல்கலைக்கழகம் அனுப்பும் லிங்க் வழியாக ஆசிரியர்தான் கடிதத்தை நேரே ஏற்ற வேண்டும். அவருடைய கல்லூரி மெயில் முகவரியைக் கொடுங்கள். நவம்பர் செமஸ்டர் தேர்வு நேரம் என்பதால் அக்டோபரிலேயே நினைவூட்டுங்கள்.

அடுத்தது எஸ்ஓபி, அதாவது ஏன் இந்த ஆய்வுக்கு வருகிறீர்கள் என்று நீங்களே எழுதும் நோக்கக் கட்டுரை. ‘சிறு வயதிலிருந்தே மூளையின் மீது எனக்கு ஆர்வம்’ என்று தொடங்காதீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியை 300 மைக்ரான் ஸ்லைஸாக வெட்டினேன். ஒரு மணி நேரத்தில் செல்கள் வீங்கிச் செத்தன. 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு, கரைசலில் சரியாகக் குமிழவில்லை; பிஹெச் ஏறியிருந்தது. குழாயை மாற்றியதும் செல்களின் மின் சமிக்ஞை ரெக்கார்டிங் நிலையாகக் கிடைத்தது.’ என்ன செய்தீர்கள், எங்கே தவறியது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதெல்லாம் இந்தச் சில வரிகளில் வந்துவிடுகிறது. நீங்கள் செய்யாத ரெக்கார்டிங்கை எழுத வேண்டாம். நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும்.

பல துறைகளில் முதலாண்டில் இரண்டு, மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வேலை செய்து பார்த்த பிறகே கைடு முடிவாகும். அதனால் எஸ்ஓபி-யில் மூன்று பேராசிரியர்களைக் குறிப்பிடுங்கள். அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்களா, மாணவர் எடுக்கிறார்களா என்பதை முன்பே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வெளிநாடு போக முடியாத சூழல். இங்கேயே உதவித்தொகையோடு செய்யலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: தாராளமாக. பெங்களூரில் ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்), என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்); ஹரியானாவின் மானேசரில் என்பிஆர்சி (தேசிய மூளை ஆராய்ச்சி மையம்). சென்னையை விட்டுப் போக முடியாதென்றால் ஐஐடி மெட்ராஸைப் பாருங்கள்; மூளை ஆய்வுக்கென்றே அங்கே ஒரு மையம் இருக்கிறது. சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், மதிப்பீடு முடிந்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆனதும் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ஆனால் ஜேஆர்எஃப் கையில் இருந்தாலே சீட் கிடைத்துவிடாது. ஒவ்வொரு நிறுவனத்திலும் தனியாக விண்ணப்பித்து நேர்காணலில் தேற வேண்டும். என்சிபிஎஸ் போக விரும்பினால் ஜேஜீபில்ஸ் (JGEEBILS) என்ற உயிரியல் நுழைவுத் தேர்வையும் சேர்த்து எழுதுங்கள்.