கொழுப்பை உறைய வைத்தால் தொப்பை போகுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. இரண்டுமே சிசேரியன். அடிவயிறு பை மாதிரி தொங்குகிறது. ஓர் அழகு சிகிச்சை மையத்தில், "கத்தி இல்லை, ஊசி இல்லை, ஃபேட் ஃப்ரீசிங் செய்தால் மூன்று மாதத்தில் சரியாகிவிடும்" என்கிறார்கள். ஆறு சிட்டிங் கொண்ட பேக்கேஜுக்கு இந்த வாரமே முழுப் பணத்தையும் கட்டினால் தள்ளுபடியாம். கட்டலாமா? உடம்புக்குக் கெடுதல் உண்டா?
- வாசகி, கோவை

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள். தொங்குவது கொழுப்புதானா என்று முதலில் தெரிய வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு வயிறு சரிவதற்குத் தளர்ந்த தோலும், நடுவில் விலகிப்போன வயிற்றுத் தசையும்கூடக் காரணமாக இருக்கலாம். இந்த இயந்திரம் அவை இரண்டையும் சரிசெய்யாது. மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் லேசாகத் தூக்கிப் பாருங்கள். வயிற்றின் நடுவில் வரப்பு போல மேடு எழும்பினால் தசை விலகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அதற்குப் பிசியோதெரபிஸ்டைத்தான் பார்க்க வேண்டும். சிசேரியன் தழும்பு அருகே ஹெர்னியா, அதாவது குடலிறக்கம், இல்லை என்று ஒரு சர்ஜன் உறுதி சொல்வதும் அவசியம். ஏனென்றால் வயிற்றுச் சதையை உறிஞ்சி இழுத்துப் பிடிக்கும் கருவி இது.

தோலைவிடக் கொழுப்புச் செல்கள் குளிரைக் குறைவாகவே தாங்கும். ஐஸ் சப்பிய ஒரு குழந்தையின் கன்னத்துக் கொழுப்பு பாதிக்கப்பட்டதை 1970-லேயே அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதே தன்மையை வைத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் ஆகியோர் கிரையோலிபோலிசிஸ் என்ற இந்த முறையை உருவாக்கினார்கள். இடுப்புப் பக்கவாட்டுச் சதைக்கு 2010-லும் வயிற்றுக்கு 2012-லும் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. ஆகவே இதை மோசடி என்று ஒதுக்க முடியாது. ஆனால் பலன் எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். குளிர்வித்த இடத்தின் கொழுப்புப் படலம் சுமார் 20 முதல் 25 சதவீதம் மெலியும். உடல் எடை குறையாது. குடலைச் சுற்றியுள்ள உள்கொழுப்பை இந்தக் குளிர் எட்டவே எட்டாது.

இறந்த செல்களை உடம்பு மெதுவாகத்தான் அப்புறப்படுத்தும், அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். முதல் சிட்டிங்கின் பலன் தெரியவே அவ்வளவு காலம் வேண்டும் என்றால், ஆறுக்கும் இன்றே பணம் கட்டுவதில் என்ன நியாயம்? ஒன்றுக்கு மட்டும் கட்டி, மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

கெடுதலைக் கேட்டிருந்தீர்கள். சிவப்பு, வீக்கம், கன்றிப்போதல் ஆகியவை சில நாட்களில் ஆறிவிடும். மரத்துப்போன உணர்வு சில வாரங்கள் நீடிக்கலாம். சிலருக்குச் சுரீர் என்று நரம்பு வலி வந்து ஓரிரு வாரம் படுத்தும். குளிரின் அளவைச் சரியாகக் கட்டுப்படுத்தாத மலிவு இயந்திரம் என்றால் தோலே வெந்தது போலப் புண்ணாகிவிடும். அதனால் இயந்திரத்தின் பெயர், தயாரிப்பாளர், மாடல் மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்ப்பது நல்லது. குளிர்பட்டால் தடிப்பு வருகிறவர்கள், விரல் வெளுக்கிறவர்கள், கிரையோகுளோபுலினீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

அரிதாக, குறைய வேண்டிய கொழுப்பு அதே இடத்தில் பெருகிக் கெட்டியாகிவிடும். 2014-ல்தான் இது முதன்முதலாக மருத்துவ இதழில் பதிவானது. மாடல் அழகி லிண்டா எவாஞ்சலிஸ்டா தமக்கு இப்படி ஆனதை 2021-ல் வெளியே சொல்லி வழக்குப் போட்டார். 2022-ல் அது சமரசத்தில் முடிந்தது. அப்படி ஆனால் அதைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: இடுப்பில் இதைச் செய்து நான்கு மாதம் ஆகிறது. அந்த இடம் மட்டும் பெட்டி வைத்தது போல் புடைத்துக் கெட்டியாக இருக்கிறது, வலி இல்லை. "சாப்பாட்டைக் குறையுங்கள், இன்னும் இரண்டு சிட்டிங் எடுங்கள்" என்கிறது மையம்.
- வாசகர், மதுரை

பதில்: இன்னொரு சிட்டிங் வேண்டாம். சாப்பாட்டால் சதை போட்டால் கருவி வைத்த அளவுக்கு அளவாகவா போடும்? நீங்கள் சொல்லும் அடையாளம் மேலே சொன்ன அரிய விளைவோடு பொருந்துகிறது. ஆண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. தாமதிக்காமல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, அவர் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். அதுதான் என்றால் டயட்டில் கரையாது. பெரும்பாலும் கெட்டியான கொழுப்பு இளகும்வரை சில மாதம் காத்திருந்து, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்வார்கள்.

காசு கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். ஒப்புதல் படிவ நகல், முன்பும் பின்பும் எடுத்த படங்கள், வாட்ஸ்அப்பில் அவர்கள் தந்த உறுதிமொழிகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ரிஸ்க்கைப் பற்றி முன்பே சொல்லாமல் விட்டிருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அழைக்கும்போது பில்லைக் கையில் வைத்திருங்கள்.